ஒரு துப்பாக்கியின் வம்சாவளி

எல்லாவற்றையும் நடந்த வரிசையிலேயே நினைவு வைத்திருக்கிறேன் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். தலைநகரத்துக் குழு வந்தது ஏப்ரல் கடைசியிலா, மே தொடக்கத்திலா என்பதில் எங்கள் காபி மேசையிலேயே இரண்டு கட்சி உண்டு. ஆட்டுக்குட்டி போனபோது அதிகாரி தொப்பியைக் கழற்றி நின்றார் என்று சிலர் சொல்கிறார்கள். அவர் தொப்பியே போட்டிருக்கவில்லை என்கிறாள் வெர்னா. அவள் அங்கே இருந்தவள். ஆகவே தொப்பியை விட்டுவிடுகிறேன். நாய் விஷயத்தில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சஸ்காச்சுவான் மாகாணத்தின் வடக்கில், வெஸ்னா க்ரீக் ஊரைத் தாண்டிப் போகும் மண்சாலையின் முடிவில் ஓரெஸ்ட் பாபியாக்கின் பண்ணை இருந்தது. சுற்றிலும் எல்லாரும் கோதுமையும் கடுகும் விதைக்க, அவனும் அவன் மனைவி வெர்னாவும் செம்மறி ஆடு வளர்த்தார்கள். ஓரெஸ்ட் எப்படிப்பட்டவன் என்று ஒரே விஷயத்தில் சொல்லிவிடலாம். நான்கு பக்கமும் அடிவானம் வரை ஒரு வண்டியும் தெரியாத சந்திப்பில், நிறுத்தப் பலகை இருந்தால், வண்டியை முழுதாக நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போவான். கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் மன்னிப்புக் கேட்பான். வேறு நாடுகளில் இதை நோய் என்பார்கள். எங்கள் நாட்டில் இதற்கு நல்ல வளர்ப்பு என்று பெயர்.

தானியம் ஏற்றும் திருகு இயந்திரம் ஒரு அறுவடையின்போது அவன் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மிச்சம். விசையை இழுக்க அது போதும். ஆனால் அவனிடம் இருந்தது ஒவ்வொரு குண்டுக்கும் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ள வேண்டிய பழைய துப்பாக்கி. அதற்கு அந்தக் கை போதவில்லை. முதல் குண்டு தவறினால், இரண்டாவதை ஏற்றுவதற்குள் கொயோட்டி நரி குட்டியைக் கவ்விக்கொண்டு வேலியைத் தாண்டியிருக்கும். மந்தைக்கு மாருஸ்யா என்று ஒரு வெள்ளைக் காவல் நாய் இருந்தாள். கன்றுக்குட்டி அளவு நாய். அவளுக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. குட்டி போடும் காலம் நெருங்க நெருங்கக் கொயோட்டிகள் பகலிலேயே வந்து வேலியோரம் உட்கார ஆரம்பித்தன. இன்னொரு வசந்தம் இப்படிப் போனால் மந்தை மிஞ்சாது என்று ஓரெஸ்டுக்குத் தெரிந்திருந்தது.

அந்த வருடம்தான் 'லிங்க்ஸ்' என்ற அரைத்தானியங்கித் துப்பாக்கி புதிதாகச் சந்தைக்கு வந்தது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு போகும். அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும். கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை. ஊரில் தூண்டிலும் துப்பாக்கியும் விற்கும் லைல் டர்னெல் அதைத் தன் கடைச் சுவரில் ஒரு வரிசையாக மாட்டியிருந்தான். ஓரெஸ்ட் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டான்.

"ஒண்ணும் சொல்லல. புதுசு இல்லையா, தலைநகரத்துல இன்னும் யாரும் இதைப் பாக்கல. அவங்க பாக்காத வரைக்கும் இது வெறும் துப்பாக்கி."

"பாத்தா?"

"பாத்தா என்னவா ஆகும்னு அவங்களுக்கே தெரியாது. அதான் எவனும் போய்க் கேக்கறதில்ல. வாங்கு, சுடு, வாயை மூடு. இதுக்கு மேல இதுல சட்டம் இல்ல, ஓரெஸ்ட்."

ஓரெஸ்ட் பழைய துப்பாக்கியை லைலிடம் கொடுத்து, மேலே பணமும் போட்டு, புதியதை வாங்கி வந்தான். வந்த வாரமே இரண்டு கொயோட்டிகள் விழுந்தன. மற்றவை வேலியை விட்டு விலகி, ஏரிக்கரைப் புதர்வரை பின்வாங்கின. மாருஸ்யா பகலில் தூங்கினாள். அந்த வீட்டில் அப்போது தூங்காத ஒரே ஜீவன் ஓரெஸ்ட்தான். அனுமதிக்கப்பட்டதா என்று யாரும் சொல்லாத ஒரு பொருள் தன் கூரைக்குக் கீழே இருக்கிறது என்ற நினைப்பு அவனை அரித்தது. வெர்னா சில நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, "வயிறு சரியில்லன்னா மருந்து குடி. அரசாங்கத்துக்குப் போன் போடாத" என்றாள்.

அவன் போன் போட்டான்.

தலைநகரத்தில் சுடுகருவிகள் வகைப்பாட்டு மையம் என்று ஒன்று இருந்தது. பேசிய பெண்மணியின் குரல் மிகவும் இதமாக இருந்ததாக ஓரெஸ்ட் பிறகு பலமுறை சொன்னான். இந்த மாடலைப் பற்றிக் கேட்ட முதல் குடிமகன் நீங்கள்தான் என்று அவள் பாராட்டினாள். அப்படியானால் வைத்திருப்பதில் தப்பில்லையே என்று கேட்டான்.

"நீங்க கேக்கற வரைக்கும் இல்ல, மிஸ்டர் பாபியாக். இப்ப கேள்வி வந்துடுச்சு. கேள்வி வந்தா பதில் வரணும். பதில் வர்ற வரைக்கும் அதைத் தொடாதீங்க."

ஓரெஸ்ட், சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்க வேண்டும், கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றான். அவள் மேலிடத்தில் விசாரித்துவிட்டு வந்தாள். கேட்கப்பட்ட கேள்வி அரசின் உடைமையாகிவிடுகிறது. அதைக் கேட்டவருக்குத் திருப்பித் தர விதியில்லை. ஊரில் வேறு யாரெல்லாம் வாங்கியிருக்கிறார்கள் என்று மட்டும் அவள் கேட்டாள். தெரியாது என்று சொல்ல ஓரெஸ்டுக்கு வாய் வரவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது.

அந்த வாரம் வெஸ்னா க்ரீக்கில் லிங்க்ஸ் வாங்கிய எல்லா வீட்டுக்கும் அதே இதமான குரல் போன் செய்தது. கூட்டுறவுக் கடையில் காலையில் நாங்கள் கூடும் காபி மேசையில், அன்றைய காபி யார் கணக்கு என்று பகடை உருட்டித் தீர்மானிப்பது வழக்கம். மறுநாள் பகடைக் கிண்ணம் மேசையைச் சுற்றி வந்தபோது ஓரெஸ்டைத் தாண்டி அடுத்தவன் கைக்குப் போயிற்று. அவன் காபியைக் குடித்து முடித்தான், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்துபோனான்.

துப்பாக்கி இரும்பு அலமாரிக்குள் போயிற்று. கொயோட்டிகளுக்கு அரசாங்கச் செய்திகள் எப்படிப் போய்ச் சேருகின்றன என்பது எனக்குத் தெரியாது. இரண்டு மூன்று நாளில் அவை வேலியோரம் வந்து உட்கார்ந்தன.

குழு வந்தது குட்டி போடும் காலத்தின் நடுவில். தலைவர் மையத்தின் துணை இயக்குநர் ஃபெர்னான் லலான்செத். மெலிந்த, நல்ல சுபாவமுள்ள மனிதர். உள்ளே வரும்போது காலணியைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்தார் என்று வெர்னா இன்றும் ஒப்புக்கொள்கிறாள். அவரோடு மூன்று பேர் வந்திருந்தார்கள்: ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை, பல் மருத்துவர், ஒரு கல்லூரி மாணவன். இவர்கள்தான் அச்ச மதிப்பீட்டுக் குழு. வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டிராதவர்கள் என்பதே தகுதி. பழகிவிட்டால் பயத்தின் தரம் கெட்டுவிடும் என்று லலான்செத் விளக்கினார்.

சமையலறை மேசையில் அவர் தன் மையத்தின் தத்துவத்தைச் சொன்னார்.

"நாங்க எதையும் தடை செய்யறதில்ல, மிஸ்டர் பாபியாக். அது கொடுங்கோலனுங்க செய்யற வேலை. நாங்க கண்டுபிடிக்கறோம். வானத்துல ஒருத்தர் புதுசா ஒரு கோளைக் கண்டுபிடிச்சா, அவர் பாக்கறதுக்கு முன்னாடியும் அது அங்கதான இருந்தது? அதே மாதிரி, இது தடை செய்யப்பட்டதுன்னு நாங்க கண்டுபிடிச்சா, தொழிற்சாலையில பிறந்த நிமிஷத்துலேருந்தே அது அப்படித்தான்."

"அப்ப நான் கடையில வாங்கினப்போ?"

"அப்பவே நீங்க குற்றவாளிதான். உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அதனால அது உண்மையில்லன்னு ஆயிடுமா?"

"வாங்கறவன் எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?"

"கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்."

"கேட்டேனே."

"ஆமா" என்றார் லலான்செத் கனிவாக. "அதனாலதான் தெரியப்போகுது."

இயந்திரக் கொட்டகையில் வெர்னாவின் படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டினார்கள். பின்னால் விளக்கு. ஒவ்வொரு பொருளையும் கயிற்றில் தொங்கவிட்டு நிழலைக் காட்டினால், முன்னால் உட்கார்ந்திருக்கும் மூவரும் தங்கள் பயத்துக்குப் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். முதலில் லலான்செத் கொண்டுவந்திருந்த வேறொரு துப்பாக்கி. உள்ளே லிங்க்ஸின் அதே பாகங்கள், வெளியே மரக்கட்டை. எங்கும் தாராளமாக விற்பது. ஆசிரியை தன் மாமா ஞாபகம் வருகிறது என்றாள். அடுத்து லிங்க்ஸ். ஆசிரியை நெஞ்சில் கை வைத்தாள். பல் மருத்துவர் ஏழு போட்டார். மூன்றாவதாக, ஒப்பீட்டுக்காக, ஓரெஸ்டின் ரோமம் கத்தரிக்கும் கருவியைத் தொங்கவிட்டார்கள். மாணவன் எழுந்து வெளியே போய்விட்டான். லலான்செத் அதைத் தனியாகக் குறித்துக்கொண்டார்.

ஓரெஸ்ட் யோசித்து யோசித்துப் பேசினான். கறுப்புதான் பிரச்சினை என்றால் தானே ஒரு மரக்கட்டை செதுக்கிப் போட்டுக்கொள்வதாகச் சொன்னான்.

"அது மாறுவேஷம்" என்றார் லலான்செத். "கொலைகாரன் பாதிரியார் அங்கி போட்டா பாதிரியாரா ஆயிடுவானா?"

"அந்த இன்னொண்ணுக்குக் கறுப்புக் கட்டை போட்டா?"

"அது பாதிரியார் கொலைகார வேஷம் போட்டது. வருத்தமான விஷயம்தான். குற்றமில்ல."

"ஆனா உள்ள ரெண்டும் ஒண்ணுதான?"

"உள்ள பாத்தா எல்லாரும் ஒண்ணுதான், மிஸ்டர் பாபியாக். அது மதம். நாங்க வகைப்பாடு."

இந்த நேரத்தில்தான் மேய்ச்சல் நிலத்தில் மாருஸ்யா குரைத்தாள். எல்லாரும் கொட்டகை வாசலுக்கு வந்தார்கள். ஒரு கொயோட்டி மாருஸ்யாவுக்குப் போக்குக் காட்டி ஏரிப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடியது. இன்னொன்று மறுபக்கத்திலிருந்து நிதானமாக மந்தைக்குள் வந்தது. முந்தின நாள் பிறந்த குட்டி ஒன்று அதை முகர்ந்து பார்க்கக் கிட்டே போயிற்று. லிங்க்ஸ் ஓரெஸ்டின் கைக்கு எட்டும் தூரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் லலான்செத்தைப் பார்த்தான்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார் அவர். "ஆனா கொயோட்டி வேற அமைச்சகம்."

ஓரெஸ்ட் கத்திக்கொண்டே ஓடினான். அறுபது வயது மனிதன் சேற்றில் எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு வேகமாக. கொயோட்டி அவனை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குட்டியைச் சரியாகக் கவ்விக்கொண்டு வேலியைத் தாண்டியது. தாய் ஆடு வேலியோரம் நின்று வெகுநேரம் கத்தியது. ஆசிரியை அழுதாள். இது மதிப்பீட்டுக்குள் வருமா என்று பல் மருத்துவர் கேட்டார். வராது என்று லலான்செத் சொன்னார். துப்பாக்கி இல்லாமல் ஏற்படும் பயத்தை மையம் அளப்பதில்லை.

வீட்டுக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்புவது வெர்னாவின் குடும்பத்தில் கிடையாது. முட்டைக்கோசு இலையில் அரிசியும் இறைச்சியும் சுருட்டி அவித்து, புளித்த பாலேடு ஊற்றி வைத்தாள். லலான்செத் இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டு, இவ்வளவு மென்மையான இறைச்சியைத் தலைநகரத்தில் சாப்பிட்டதில்லை என்றார்.

"பிறந்து மூணு வாரம்" என்றாள் வெர்னா. "நேத்து போன குட்டி இது. கொயோட்டி பாதிதான் தின்னுச்சு."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு, நல்ல வளர்ப்புள்ளவர், விழுங்கினார்.

தீர்ப்பு கோடையில் வந்தது, ஒரு புத்தகம் கனத்தில். அதில் லிங்க்ஸின் வம்சாவளி இருந்தது. பழைய போர் ஒன்றுக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒரு தளபதி ஒரு துப்பாக்கிக்கு வரைபடம் போடச் சொன்னாராம். வரைந்து முடிப்பதற்குள் அவர் பதவி போய்விட்டது. துப்பாக்கி செய்யப்படவே இல்லை. வரைந்தவரின் மாணவர் வேலை பார்த்த பட்டறை மூடியபோது அதன் கடைசல் இயந்திரம் ஒன்று கடல் கடந்து வந்து, கை மாறி, கடைசியில் லிங்க்ஸ் செய்யும் தொழிற்சாலைக்குச் சேர்ந்தது. ஆகவே லிங்க்ஸ் ஒரு போர் ஆயுதத்தின் நேர் வாரிசு. தாத்தா பிறக்கவில்லை என்பதால் பேரனின் பொறுப்பு குறைந்துவிடாது என்று லலான்செத் முடித்திருந்தார். கூடவே, முன்வந்து கேட்ட நேர்மைக்காக ஓரெஸ்டுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம், சட்டம் போட்டு மாட்டிக்கொள்ள.

வைத்திருப்பது குற்றம். அரசு கருணையோடு அதைப் பொறுத்துக்கொள்ளும், மூன்று நிபந்தனைகளில்: சுடக் கூடாது, விற்கக் கூடாது, வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. அப்படியானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஓரெஸ்ட் உள்ளூர்ப் போலீஸ்காரரைக் கூப்பிட்டான். இளைஞர் அலமாரிவரை வந்தார், கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டார். எடுத்தால் அதை வைத்திருக்கும் குற்றம் தன்மேல் வந்துவிடும் என்றும், தனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது என்றும் சொன்னார். வாயுச் சுடர்க் கருவியால் அறுத்துவிடட்டுமா என்று ஓரெஸ்ட் கேட்டான். அது சாட்சியத்தை அழிப்பதாகும் என்று அவர் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

லைலின் உரிமம் ரத்தாயிற்று. ஓரெஸ்ட் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவன் காலிச் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.

"மூணே மூணு விஷயம் சொன்னேன் உன்கிட்ட" என்றான். "நாலு வயசுப் பிள்ளைகூட ஞாபகம் வெச்சுக்கும்."

ஓரெஸ்ட் பழைய துப்பாக்கியையாவது திரும்பத் தர முடியுமா என்று கேட்டான். கடையில் இருந்த எல்லாவற்றுக்கும் முத்திரை வைத்துவிட்டார்கள் என்று லைல் சொன்னான். உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஓரெஸ்ட் நம்பினான்.

இலையுதிர் காலத்தில், உழுத நிலத்தில் முதல் உறைபனி விழுந்த ஒரு காலையில், கொயோட்டிகள் கூட்டமாக வந்து மாருஸ்யாவை மடக்கின. ஓரெஸ்ட் மண்வெட்டியோடு போய்ச் சேர்ந்தபோது அவளுடைய வயிறு திறந்திருந்தது. அவள் தவழ்ந்து தானியத் தொட்டியின் அடியில், மனிதன் நுழைய முடியாத இடுக்கில் புகுந்துகொண்டாள். கையை நீட்டினால் கடிக்க வந்தாள். கத்தியோடு நெருங்க வழியில்லை. அவள் எழுப்பிய சத்தம் வீட்டுக்குள் கேட்டது, கொட்டகையில் கேட்டது, சாலையில் கேட்டது.

கால்நடை மருத்துவர் மாவட்டத்தின் மறுகோடியில் இருந்தார். வெர்னா அக்கம்பக்கத்துக்குப் போன் செய்து, யாராவது ஒரு துப்பாக்கியோடு வந்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினாள். எல்லாரும் மரியாதையாகவே பேசினார்கள். எங்களிடம் துப்பாக்கியே இல்லையே வெர்னா என்றார்கள். ஒருத்தி மட்டும், "உன் புருஷனைக் கேக்கச் சொல்லு. கேக்கறதுதான் அவருக்கு நல்லா வருமே" என்றாள்.

ஓரெஸ்ட் மையத்துக்குப் போன் போட்டான். காத்திருக்கச் சொல்லிவிட்டு வெகுநேரம் வயலின் வாசித்தார்கள். பிறகு அந்த இதமான குரல் வந்தது. துன்பப்படும் பிராணியைச் சுடுவதும் சுடுவதுதான்; விலக்கு கேட்டு விண்ணப்பித்தால் ஆறு வாரத்தில் பதில் வரும். ஆனால் அவளும் நல்ல மனசுக்காரி. குரலைத் தணித்துக்கொண்டு ஒரு வழி சொன்னாள்.

"உயிருக்கு ஆபத்துன்னா சுடலாம், மிஸ்டர் பாபியாக். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்த நாய் உங்களைக் கொல்லப் பாக்குதா?"

வெர்னா கணவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள், ஆமாம் என்று சொல்லச் சொல்லி.

"இல்லம்மா" என்றான் ஓரெஸ்ட். "அவளுக்கு வலிக்குது."

அவள் வருத்தம் தெரிவித்தாள்.

அவன் போனை வைத்தான். அலமாரியைத் திறந்தான். தானியத் தொட்டிக்குப் பக்கத்தில் உறைந்த மண்ணில் குப்புறப் படுத்து, குழலை இடுக்குக்குள் நீட்டினான். அவன் குரலைக் கேட்டதும் மாருஸ்யா உறுமுவதை நிறுத்தினாள். ஒரு குண்டு போயிற்று. அடுத்த குண்டு தானே ஏறிக்கொண்டது. அதற்கு வேலை இருக்கவில்லை.

உள்ளே வந்து கை கழுவிவிட்டு மறுபடியும் போனை நோக்கிப் போனான். வெர்னா போன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். முப்பத்தைந்து வருடம் அந்த மனிதனோடு வாழ்ந்தவள் அவள். கடைசியில் கையை எடுத்துவிட்டாள்.

"மன்னிக்கணும்" என்று அவன் சொன்னது அவளுக்குக் கேட்டது. "திரும்பவும் பாபியாக்தான். சுட்டுட்டேன்."

நீதிபதி அவனுடைய நேர்மையை வெகுவாகப் பாராட்டினார். சந்தேகத்தின் பலனைத் தரத் தான் விரும்பியதாகவும், சந்தேகப்பட அவன் எதையும் மிச்சம் வைக்கவில்லை என்றும் சொன்னார். ஓரெஸ்ட் பதினெட்டு மாதம் உள்ளே இருந்தான். லலான்செத் இயக்குநரானார், குடிமக்களே தேடி வந்து குற்றத்தை ஒப்படைக்கும் முறைக்குத் தன் உரைகளில் பாபியாக் முறை என்று பெயர் வைத்திருக்கிறார். அந்த இதமான குரல்காரி ஓய்வுபெற்றுவிட்டாள். லைல் புழு விற்கிறான். லிங்க்ஸ் வாங்கிய மற்றவர்கள் யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆடுகளில் மிஞ்சியவை ஏலத்தில் போயின. பண்ணையை வாங்கியவர் அதில் கடுகு விதைக்கிறார். துப்பாக்கி இன்னும் அந்த வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது, எடுத்துப்போகச் சட்டப்படி ஆள் இல்லாததால். வெர்னா மூஸ் ஜா நகரத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். ஓரெஸ்ட் அவளோடுதான் இருக்கிறான். அவன் இப்போது யாரையும் எதையும் கேட்பதில்லை. கடைக்குப் போனால் ரொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடக் கேட்பதில்லை, அதுவாகக் கண்ணில் படும்வரை நடந்துகொண்டே இருக்கிறான்.